ஓய்வா, சுமையா?

ஐக்கிய அமெரிக்காவில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடுவோரும் பலர், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கோதுகளை எறிந்துவிடாது, வீட்டிலேயே மீண்டும் தோட்டாக்களாக்குகின்றனர். இத்தொழில் மனத்துக்கு ஓய்வென்பர் சிலர். சலிப்பூட்டும் சுமையென்பர் வேறு சிலர். இவற்றுள் எது பொருந்தும்?

விரிந்த கோதை அச்சிலிட்டுப் பழைய அளவுக்குக் கொணர்தல், தீயூட்டும் சிறுவில்லையை மாற்றுதல், மருந்தை அளந்திடுதல், சன்னத்தைப் பொருத்துதல் என்னும் படிகள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மீள மீள வரும். மருந்தின் அளவோ 'கிறெயின்' கணக்கிலாகும். ஓர் இறாத்தலில் 7,000 கிறெயின் உண்டு. கைத்துவக்குக் கோதொன்றில் மருந்து தவறுதலாக இருமுறை விழுமாயின், துவக்கே வெடித்துச் சுடுவோன் கையைச் சிதைக்கக்கூடும். ஆதலின், கை தொழில்செய்ய மனம் வேறெங்கோ உலாவும் ஓய்வு இங்கே ஆகாது. விரைந்து முடிக்க எண்ணுவோனுக்கும் இத்தொழில் ஆகாது. அவன் கடையில் வாங்குதலே நன்று.

எனினும், ஒவ்வொரு கோதையும் ஒளியிற் பிடித்து மருந்தின் மட்டத்தை நோக்குவோனுக்கு, அந்நேரத்தில் வேறு கவலை நினைவில் எழாது. அதுவே அவன் பெறும் ஓய்வு. ஒரே வகைக் கணக்கை ஐம்பதாம் முறை செய்யும் மாணவரும் இதனை எண்ணிப்பார்ப்பாராக.