இந்திய ஓபன் கோல்ஃப்: குருகிராம் முடிவுகள் உணர்த்துவது என்ன?

2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் குருகிராமில் உள்ள டிஎல்எஃப் கோல்ஃப் திடலில் எஸ்.எஸ்.பி. சௌராசியா இந்திய ஓபன் கோப்பையைக் கைகளில் ஏந்தியபோது, அப்போட்டியில் இந்தியர்கள் தொடர்ந்து பெற்ற மூன்றாவது வெற்றியாக அது அமைந்தது. அதற்குப் பின் 2025 வரை அதே திடலில் ஐந்து முறை போட்டி நடைபெற்றுள்ளது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்மனி, ஜப்பான், ஸ்பெயின் என ஐந்து நாடுகளின் வீரர்கள் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டுவிட்டனர். இந்தியர் ஒருவரின் பெயர்கூட அப்பட்டியலில் இல்லை.

பரிசுத் தொகை கூடியிருக்கிறது. உலகின் முன்னணி வீரர்களும் வருகின்றனர். நாட்டின் தேசியப் போட்டி வளரும் காலத்திலேயே நாட்டின் வீரர்கள் அதன் உச்சியில் இருந்து விலகிச் செல்வது ஏன் என்ற கேள்வி எழுகிறது. கடினமான திடலே காரணம் என்ற விளக்கம் பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால், முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படுகிறது.

திடலும் எண்ணிக்கையும்

தென்னாப்பிரிக்காவின் முன்னாள் சாம்பியன் கேரி பிளேயர் வடிவமைத்த இத்திடல் ஏறத்தாழ 7,400 கெஜம் நீளமுடையது. பாறை முகடுகள், ஆழமான மணற்குழிகள், நீர்நிலைகள், மேடுபள்ளம் மிகுந்த புல்தரைகள் ஆகியவை சிறு பிழைக்கும் பெரிய விலை கேட்பவை. 18 குழிகளையும் முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு இத்தனை அடிகள் போதும் என வகுக்கப்பட்ட அளவே 'பார்' எனப்படுகிறது. இங்கு அது 72. நான்கு நாள்களுக்கும் சேர்த்து 288 அடிகள். இதைவிட எவ்வளவு குறைவாக அடித்து முடிக்கிறாரோ அவ்வளவு முன்னிலை.

2017-இல் சௌராசியா 278 அடிகளில் முடித்து, இரண்டாம் இடம் பெற்ற அயர்லாந்தின் கேவின் மொய்னிஹனைவிட 7 அடிகள் முன்னிலையில் வென்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் மாட் வாலஸ், சக நாட்டவரான ஆண்ட்ரூ ஜான்ஸ்டனைச் சமன்முறிப்பு ஆட்டத்தில் வீழ்த்தினார். 2019-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் கேலகர் இறுதி நாளில் 7-ஆவது குழியில் மட்டும் 8 அடிகள் எடுத்தார்; பின்னர் கடைசி மூன்று குழிகளிலும் பாரைவிட ஓர் அடி குறைவாக முடித்து, ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். கரோனா பெருந்தொற்றால் 2020 முதல் 2022 வரை போட்டி நடைபெறவில்லை.

2023-இல் ஜெர்மனியின் மார்செல் சீம் பாருக்கு 14 அடிகள் குறைவாக முடித்து, தம் நாட்டவரான யானிக் பாலை ஓர் அடியில் முந்தினார். 2024-இல் ஜப்பானின் கெய்தா நகாஜிமா முதல் நாளில் இருந்தே முன்னிலை வகித்து, 17 அடிகள் குறைவாக முடித்து, 4 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். மறு ஆண்டு ஸ்பெயினின் யூஜெனியோ சக்காரா பட்டம் வென்றபோது அவரது கணக்கு பாரைவிட 4 அடிகள் மட்டுமே குறைவு. நகாஜிமா இரண்டு அடிகள் பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார்.

ஓராண்டு இடைவெளியில் வெற்றிக்கணக்கு 17-இல் இருந்து 4 ஆகச் சுருங்கியுள்ளது. காற்று, புல்லின் அடர்த்தி, தரையின் இறுக்கம், குழிகள் வைக்கப்படும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே திடல் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. எனவே, அதை ஒருமுறை மனப்பாடம் செய்துவைத்தவருக்கு நிரந்தரச் சாதகம் இல்லை. மாறும் நிலைமைக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கே சாதகம்.

திடல் மட்டும் காரணமா?

2015, 2016-ஆம் ஆண்டுகளில் இந்திய ஓபன் தில்லி கோல்ஃப் கிளப்பில் நடைபெற்றது. மரங்களும் அடர்ந்த புதர்களும் இருபுறமும் நெருக்கும் அக்குறுகலான பாதைகள் உள்ளூர் வீரர்களுக்கு நன்கு பழகியவை. 2015-இல் அனிர்பன் லாஹிரி சமன்முறிப்பு ஆட்டத்தில் சௌராசியாவை வென்றார். மறு ஆண்டு சௌராசியா பட்டம் பெற்றார். போட்டி குருகிராமுக்கு மாறியதும் அந்த வீட்டுச் சாதகம் பறிபோனது என்பதே திடலைக் குறைகூறுவோரின் வாதம்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு சௌராசியாவே. 2017-இல் குருகிராமில் நடைபெற்ற போட்டியிலேயே அவர் பெற்றது, மேலே கண்ட ஆறு முடிவுகளிலும் மிகப் பெரிய வித்தியாசத்திலான வெற்றி. நெடுந்தூரம் அடிப்பவர் என்று பெயர் பெற்றவர் அல்லர் அவர். புல்தரையைச் சுற்றிய நுணுக்கமான ஆட்டமே அவரது பலம். 2024-இல் குருகிராமைச் சேர்ந்த வீர் அஹ்லாவத் இதே திடலில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாவது மறுப்பு தில்லியில் இருந்தே வந்தது. 2025 அக்டோபரில் தில்லி கோல்ஃப் கிளப்பில், 40 லட்சம் அமெரிக்க டாலர் மொத்தப் பரிசுடன் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடைபெற்றது. இந்திய மண்ணில் தொழில்முறை கோல்ஃபுக்கு வழங்கப்பட்ட மிகப் பெரிய தொகை அது. ரோரி மெக்கில்ராய் உள்ளிட்ட முன்னணி வீரர்கள் பங்கேற்ற அப்போட்டியில், இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட் பாருக்கு 22 அடிகள் குறைவாக முடித்து வென்றார். பழகிய திடல் என்பதால் மட்டும் இந்தியர்கள் பட்டப் போட்டிக்கு வந்துவிடவில்லை.

அங்கும் இரண்டாம் இடம் பெற்றவர் நகாஜிமாதான். வெற்றிக்கணக்கு 4 ஆக இருந்த குருகிராமிலும், 22 ஆக இருந்த தில்லியிலும் அவர் ஒரே ஆண்டில் இரண்டாம் இடம் பிடித்தார். இரு திடல்களும் அவருக்குச் சொந்த நாட்டுத் திடல்கள் அல்ல. இந்திய வீரர்களின் நிலையைப் புரிந்துகொள்ள அவர் வந்த பாதையை அறிவது உதவும்.

ஏணியின் படிகள்

நகாஜிமா உலக அமெச்சூர் தரவரிசையில் முதலிடம் வகித்தவர். 2021-இல் ஆசிய பசிபிக் அமெச்சூர் பட்டம் வென்றார். தொழில்முறைக்கு மாறியபின் 2023-இல் ஜப்பான் தொடரின் பரிசுப் பட்டியலில் முதலிடம் பெற்று, அதன்வழியே முன்னர் ஐரோப்பியத் தொடர் என அழைக்கப்பட்ட டிபி வேர்ல்டு தொடருக்குள் நுழைந்தார். ஜப்பான் தொடரின் முதல் மூன்று வீரர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் அந்த வாசல் ஒருவருக்கு மட்டுமே திறக்கிறது. 2006-இல் உருவான இந்தியத் தொழில்முறை கோல்ஃப் தொடர், அதாவது பிஜிடிஐ, அண்மைக் காலத்தில் டிபி வேர்ல்டு தொடருடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஆண்டின் தரப்பட்டியலில் முதலிடம் பெறுபவர் மறு ஆண்டுக்கான உறுப்பினர் அட்டையைப் பெறுகிறார். 2023-இல் மத்தியப் பிரதேசத்தின் மஹூவைச் சேர்ந்த ஓம் பிரகாஷ் சௌகான், 2024-இல் அஹ்லாவத், 2025-இல் யுவராஜ் சந்து ஆகியோர் அவ்வாறு தகுதி பெற்றனர். முன்னர் இல்லாத நல்ல வாய்ப்பு இது என்பதில் ஐயமில்லை. எனினும், அட்டை பெற்றவருக்கு எல்லாப் போட்டிகளிலும் இடம் உறுதியில்லை. புதிய கண்டங்கள், புதிய புல்வகைகள், புதிய காற்று ஆகியவற்றுக்குப் பழகுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும்.

செலவும் வீரரையே சார்ந்தது. விமானக் கட்டணம், தங்குமிடம், கேடியின் ஊதியம் அனைத்தையும் அவரே ஏற்க வேண்டும். முதல் இரண்டு நாள்களின் முடிவில் ஏறத்தாழ 65 இடங்களுக்குள் வராதவர் வெளியேறுகிறார். அவருக்குப் பரிசுத் தொகை எதுவும் கிடையாது. வசதியான பின்புலமோ நீண்டகால ஆதரவாளரோ இல்லாத வீரருக்குத் தொடர்ச்சியாக நான்கைந்து வாரங்கள் இவ்வாறு கழிந்தால் பயணமே நின்றுபோகும்.

எளிய பின்புலத்தின் பங்கு

இந்திய ஓபன் வரலாற்றில் இது முக்கியமான செய்தி. 1964-இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் முதல் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு அமெச்சூர் வீரர் பி.ஜி. சேத்தி வென்றார். அதன்பின் இந்தியாவுக்குப் பட்டத்தை மீட்டுத் தந்தவர் அலி ஷேர். 1991, 1993-ஆம் ஆண்டுகளில் வென்ற அவர் கேடியாகத் தொடங்கியவர். 2009-இல் குருகிராமில் பட்டம் வென்ற பெங்களூரு வீரர் சி. முனியப்பாவும் அவ்வாறு வந்தவரே. சௌராசியாவின் தந்தை, கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர்.

பணக்காரர்களின் ஆட்டம் என்று பெயர் பெற்ற ஒன்றில், திடலில் வேலை செய்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் தேசியப் பட்டத்தை வென்றுள்ளனர். உள்நாட்டுப் போட்டிகளில் பிழைத்துக்கொண்டே மேலேற அவர்களால் முடிந்தது. இன்றைய ஆட்டத்தில் உடற்பயிற்சி நிபுணர், பயிற்சியாளர், அளவீட்டுக் கருவிகள், வெளிநாட்டுப் பயணம் ஆகியவை கூடுதல் வசதிகளாக இல்லாமல் அடிப்படைத் தேவைகளாகிவிட்டன. ஆதரவு அமைப்பு வலுவாக இல்லையெனில் இந்தப் பாதை முதலில் அடைபடுவது எளிய பின்புலத்தில் இருந்து வருவோருக்கே.

திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2015-இல் அமெரிக்காவின் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் லாஹிரி ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2023 பிரிட்டிஷ் ஓபனில் சுபாங்கர் சர்மா எட்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், 2018 ஆகஸ்டில் ஃபிஜியில் ககன்ஜீத் புல்லர் பெற்ற வெற்றிக்குப் பின், 2025 முடியும் வரை ஐரோப்பியத் தொடரில் எந்த இந்தியரும் பட்டம் வெல்லவில்லை. குருகிராமில் தென்படும் வறட்சி குருகிராமுக்கு மட்டும் உரியதன்று.

மகளிர் இந்திய ஓபனிலும் இதே நிலைதான். 2016-இல் குருகிராமில் 18 வயது அதிதி அசோக் மகளிர் இந்திய ஓபனை வென்று, மகளிர் ஐரோப்பியத் தொடரில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்று நாட்டின் கவனத்தையும் ஈர்த்தார். எனினும், அதன்பின் 2025 வரை மகளிர் இந்திய ஓபனிலும் வேறு இந்தியர் எவரும் வெல்லவில்லை.

இரு தொடர்கள், ஒரே களம்

இந்நிலையில், 2025-இல் இந்திய கோல்ஃப் பிரீமியர் லீக் என்ற புதிய தொடர் தொடங்கப்பட்டது. புல்லர் உள்ளிட்ட அனுபவமிக்க வீரர்கள் சிலர் அதில் இணைந்தனர். கூடுதல் போட்டிகளும் கூடுதல் பரிசும் வீரர்களுக்கு நன்மையே. ஆனால், முன்னணி வீரர்கள் இரு தொடர்களாகப் பிரிந்து ஆடினால் ஒவ்வொரு தொடரிலும் போட்டியின் கடுமை குறையும். எதிரில் நிற்பவர் வலுவாக இருந்தால்தான் ஆட்டம் கூர்மை பெறும். உள்நாட்டில் எளிதாக வென்று பழகியவர், உலகின் சிறந்த வீரர்கள் கூடும் வாரத்தில் தடுமாறுவது இயல்பு.

2017-இல் 17.5 லட்சம் டாலராக இருந்த இந்திய ஓபனின் பரிசுத் தொகை 2025-இல் 22.5 லட்சம் டாலர் ஆனது. இருபதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அதில் பங்கேற்கின்றனர். அவர்களில் பெரும்பாலோருக்கு அத்தரத்திலான போட்டி ஆண்டில் ஓரிரு வாரங்கள் மட்டுமே வாய்க்கிறது. அவர்களுக்கு எதிரே நிற்பவர்களோ ஆண்டு முழுவதும் அத்தரத்தில் ஆடிவிட்டு வருகின்றனர்.

எனவே, செய்ய வேண்டியவை திடலை மாற்றுவதும் எளிதாக்குவதும் அல்ல. ஐரோப்பியத் தொடருக்கான அட்டைகளின் எண்ணிக்கையை உயர்த்தப் பேச்சு நடத்துவது, அட்டை பெற்றவரின் முதலாண்டுப் பயணச் செலவை ஏற்பது, இரு உள்நாட்டுத் தொடர்களும் நாள்கள் மோதாமல் அட்டவணை வகுப்பது, குருகிராம் போன்ற கடினமான திடல்களில் ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு இடம் ஒதுக்குவது ஆகியவை நிர்வாகிகளின் கைக்கெட்டிய பணிகள்.

அடுத்தடுத்த இந்திய ஓபன் போட்டிகளில் கோப்பை யாருக்கு என்பதுடன், சனி, ஞாயிறு ஆட்டங்களில் எத்தனை இந்தியர்கள் களத்தில் நிற்கின்றனர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்தால், பட்டம் வெல்லும் நாளும் நெருங்கி வரும். அது உயராமல் பரிசுத் தொகை மட்டும் உயர்ந்தால், நல்ல விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்ற நாடாக மட்டுமே இந்தியா உலக கோல்ஃபில் நீடிக்கும்.