வினைச்சொல்லை மாற்றினால் பாடம் மாறிவிடுமா?

நம் ஊர்ப் பொறியியல் துறைகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் தடிமனான ஒரு கோப்பு உண்டு. கற்றல் விளைவுகள், அவற்றை இணைத்துக் காட்டும் அட்டவணை, ஒவ்வொரு தேர்வுக் கேள்விக்கும் புளூம் படிநிலை எண், எல்லாம் அதில் இருக்கும். 2009இல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தின் முழு உறுப்பினரானது. நம் பட்டத்தை வெளிநாட்டிலும் மதிக்கணும் என்றால் விளைவு சார்ந்த கல்வி வேண்டும். அதில் எனக்கு வழக்கில்லை. மாணவருக்கு முடிவில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அதற்கேற்பத் தேர்வையும் பாடத்தையும் அமைப்பது நியாயமான யோசனைதான்.

நடப்பது வேறு. ஸ்லைடு பழசு, கேள்வியும் பழசு. அங்கீகாரக் குழு வருகிற வருஷம் வினைச்சொல் மட்டும் புதுசாகிவிடும். 'கணக்கிடுக' என்றிருந்தது 'பகுத்தாய்க' ஆகும். உடனே அது நான்காம் படிநிலை!

ஒரு கான்கிரீட் பீம். இரு முனையிலும் தாங்கி, நடுவில் 10 கிலோநியூட்டன் சுமை. டுடோரியலில் போட்டாச்சு. தேர்வில் அதே பீம், 12 கிலோநியூட்டன். சூத்திரத்தில் ஒரு எண்ணை மாற்றிப் போடுவதற்குப் பெயர் பகுத்தாய்வா? விரிசல் விட்ட பீமின் படத்தைக் கொடுத்து, நடுவில் அடிப்பக்கம் ஏன் வெடித்தது, தாங்கிக்குப் பக்கத்தில் சாய்வாக வெடித்திருந்தால் அது எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். சைட்டில் எங்களிடம் கேட்பது அதைத்தான்.

கேட்க மாட்டார்கள். கேட்டால் பாதி வகுப்பு திணறும், சராசரி விழும், 'விளைவு எட்டப்படவில்லை' என்று அட்டவணை சிவக்கும். அப்புறம் விரிவுரையாளர் உட்கார்ந்து மேம்பாட்டுத் திட்டம் எழுதணும். நேர்மையாகக் கேள்வி கேட்பவருக்குக் கூடுதல் வேலை, எண்ணை மாற்றிப் போடுபவருக்கு நிம்மதி. இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டிவிடணும்" என்று ஓர் அலுப்பு வேறு. கரண்டி யார் கையில் இருக்கிறதாம்?

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூரும் இதே சுவரில் முட்டியவர்தான். கடினமான கணக்கைப் போட்டுவிடும் மாணவர்கள், அதன் அடிப்படைக் கருத்தை எளிய கேள்வியாகக் கேட்டால் தடுமாறினார்கள். 1990களில் அவர் விரிவுரையை வெட்டினார். நடுவில் ஒரு கேள்வி போடுவார். ஆளாளுக்கு விடை சொன்னதும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்லணும். இதற்கு ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் வேண்டாம், கையைத் தூக்கினாலே போதும்.

இன்னொரு கணக்கு. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். விரிவுரை அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி நேரத்தில் மாணவர் எதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று யார் யோசிக்கிறார்கள்? நான் படித்தபோது அதைத் தீர்மானித்தது ஜெராக்ஸ் கடையில் கிடைத்த பழைய கேள்வித்தாள். பிடிபிடிஎன் கடனைக் கட்டுவது நாங்கள்தானே, கேட்க உரிமை இருக்கிறது.

அடுத்த முறை அங்கீகாரக் குழு வரும்போது அட்டவணையைக் கொஞ்சம் ஓரமாக வைக்கட்டும். டுடோரியல் தாளையும் தேர்வுத்தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். முன்பு பார்த்திராத கேள்வி ஒன்றாவது இருக்கிறதா? இருந்து, அதில் மாணவர்கள் திணறியிருந்தால், அந்த விரிவுரையாளரிடம் விளக்கக் கடிதம் கேட்காதீர்கள்.