ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்

செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதைத் திட்டம் அறிவிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் முடியவில்லை. அதனால் காலை நேரத்தில் திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் பேருந்துகளில் ஆசிரியர்களைப் பார்க்கலாம். செஞ்சியில் இறங்கி இன்னொரு பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, மேல்மலையனூர், வளத்தி, அனந்தபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறார்கள். வடமாவட்டங்களில்தான் காலியிடம் அதிகம் என்பதால் நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் இவர்களில் உண்டு. குடும்பம் ஒரு மூலை, பள்ளி இன்னொரு மூலை. ஆண்டுதோறும் இடமாறுதல் கலந்தாய்வை எதிர்பார்த்திருக்கும் வாழ்க்கை.

களைப்பு பயணத்தோடு முடிவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் போதும். வகுப்புகளோ ஐந்து. கணக்குக்குச் சரியாக இருக்கும் இந்த விகிதம், தலைமையாசிரியர் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போகும் நாளில் குலைந்துவிடுகிறது. மீதமிருக்கும் ஒருவர்தான் முதல் வகுப்புக்கு அகரம் எழுதிக்காட்ட வேண்டும், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தர வேண்டும், காலை உணவையும் மதிய உணவையும் கவனிக்க வேண்டும், ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் செயலியில் வருகையைப் பதிவுசெய்ய வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றும்போது ‘நெட்’ கிடைக்காமல் வகுப்பு நேரம் கரைகிறது என்பது ஆசிரியர்கள் தொடர்ந்து சொல்லிவரும் குறை.

அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கற்பித்தல் அல்லாத பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. விதிவிலக்கு மூன்று: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். இந்த மூன்றுமே பெரிய வேலைகள். 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஆசிரியர்களும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாகச் சென்றார்கள். அடுத்து 2027 கணக்கெடுப்பு இருக்கிறது.

வேலைச் சுமை பற்றி அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கரசெக் 1979-இல் ஒன்றைக் காட்டினார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை நோகடிப்பதில்லை. அதை எப்படி, எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தபோது நோய் என்று சொல்லவில்லை, பணி சார்ந்த நிலை என்றே சொன்னது. ஆற்றல் வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, நம்மால் பயனில்லை என்று தோன்றுவது ஆகியவை அதன் அடையாளங்கள். பணியிடத்தில் பிறக்கும் சோர்வுக்கு ஆசிரியரை மட்டும் யோகா வகுப்புக்கு அனுப்புவது எப்படித் தீர்வாகும்?

ஊதியக் காயமும் ஆறவில்லை. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அப்போது நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய். அதற்குச் சற்று முன் சேர்ந்தவருக்கு 8,370. ஒரே பள்ளி, ஒரே பாடம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ கேட்டு இவர்கள் சென்னையில் மீண்டும் மீண்டும் போராடினார்கள். 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட ஓவிய, உடற்கல்வி, கணினிப் பகுதிநேர ஆசிரியர்களுக்கு 12 ஆண்டுகள் கழித்து, 2024-இல் கிடைத்தது 12,500.

இத்தனைக்கும் மேல், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தவறினால் வேலை இல்லை. அப்படியொரு தேர்வே இல்லாத காலத்தில் முறைப்படி பணியில் சேர்ந்து, 20 ஆண்டுகள் பாடம் நடத்தியவர், ஐம்பதை நெருங்கும் வயதில் தன் பிழைப்புக்காகப் பரீட்சை எழுதும் நிலை. தகுதி வேண்டும் என்பதில் மறுப்பில்லை. அதை அளக்க அவரது வகுப்பறையே இருக்கிறதே.

இவ்வளவுக்கும் நடுவே, எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளை ஒரு நாள் முழுப் பத்தியையும் வாசித்துவிட்டால், அதை அடுத்த வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லாத ஆசிரியர் குறைவு. பணி நிறைவு தருவதும் அதிருப்தி தருவதும் வெவ்வேறு காரணங்கள் என்று உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இலேயே எழுதினார். ஆசிரியர் விஷயத்தில் நிறைவு வகுப்புக்குள் இருக்கிறது. அதிருப்தி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது.

ஆகவே செய்ய வேண்டியவையும் வெளியில்தான் இருக்கின்றன. குறுவள மையத்துக்கு ஒரு தரவு உதவியாளர் இருந்தால் சுற்றுப் பள்ளிகளின் எமிஸ் வேலையை அவர் பார்த்துக்கொள்வார். தேர்தல், கணக்கெடுப்புப் பணி ஆணை வரும்போதே மாற்று ஆசிரியருக்கும் ஆணை வர வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளின் தலைமையாசிரியர்களைப் பள்ளி நேரத்தில் கூட்டத்துக்கு அழைப்பதை நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி மாற்றத்துக்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.