ஆட்டம் பதினைந்து வருடம், நாற்காலி நாற்பது வருடம்

மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், நெடுங்குன்றம் பக்கமிருந்து பிள்ளையை ஹாக்கிக்குக் கூட்டிவரும் பெற்றோர் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், இதுல போனா கவர்மெண்ட் வேலை கிடைக்குமா?" கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வங்கி, போலீஸ் எல்லாம் ஆள் எடுக்கின்றன. நானே அப்படி வந்தவன். லெஃப்ட் ஹாஃப் ஆடியதற்குக் கிடைத்த வேலையில்தான் வண்டலூரில் மனை வாங்கினேன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன், இப்போது பென்ஷனும் வாங்குகிறேன்.

ஆனால் வேலை கிடைத்த பிறகு என்ன ஆகிறது என்று எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை, அரசும் யோசிப்பதில்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாகாக ஒரு கனடாக்காரர் இருக்கிறார். சித்திரை வெயிலில் வண்டலூரில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுவது வேடிக்கைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஃபிரெட் டெய்லர். 'சைக்ளோன்' டெய்லர் என்றால்தான் அங்கே தெரியும். ஒன்டாரியோவில் டாரா என்ற சிற்றூரில் பிறந்து லிஸ்டவலில் வளர்ந்தவர். பள்ளியை விட்டுவிட்டு அங்கே ஒரு பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். ஸ்கேட்ஸ் கட்டினால் பிடிக்க ஆள் கிடையாது. டொரன்டோவில் வந்து ஆடு என்று ஒன்டாரியோ ஹாக்கி சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மாட்டேன் என்றார். மாகாணத்தில் எங்குமே ஆடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். 1904-05 சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். காசுக்கு ஆடுவது பாவம், சங்கம் சொன்ன இடத்தில் சும்மா ஆடுவதுதான் புண்ணியம் என்று நிர்வாகிகள் நம்பிய காலம் அது.

வெறுத்துப்போய் மானிடோபாவுக்குப் போனார். அங்கிருந்து 1906-ல் எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனில் ஹாட்டன் என்ற செம்புச் சுரங்க ஊருக்கு. வீரர்களுக்கு வெளிப்படையாகவே சம்பளம் கொடுத்த முதல் ஹாக்கி லீக்கில் அந்த ஊர் அணியும் ஒன்று. டெய்லருக்கு 400 டாலரும் செலவுக் காசும் பேசினார்கள். மறுவருடம் ஓட்டாவா அணி அவரைக் கேட்டது. கொடுத்தது என்ன தெரியுமா? 500 டாலர் சம்பளத்தோடு குடியேற்றத் துறையில் ஒரு குமாஸ்தா உத்தியோகம், மாதம் 35 டாலர். ஸ்போர்ட்ஸ் கோட்டா நம் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்!

அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. அன்று பெரும்பாலும் இயற்கைப் பனிக்கட்டியில்தான் ஆட்டம். குளிர் போனால் மைதானமே உருகிவிடும். ஒரு சீசனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் தேறும், மிச்ச மாதங்களுக்குச் சோறு வேண்டாமா? 1909-ல் ஓட்டாவாவுக்கு ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசனில் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊருக்கு, வெள்ளிச் சுரங்க முதலாளி ஒருவர் 12 ஆட்டத்துக்கு 5,250 டாலர் கொடுத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார். 1912-ல் வான்கூவர் அணிக்கு வந்தபோதும் குடியேற்றத் துறை வேலை கூடவே வந்தது.

இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

1914 மே 23. ஹாங்காங்கிலிருந்து கிளம்பிய கோமகட்டா மாரு கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. உள்ளே 376 இந்தியர்கள். பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள், ஏற்பாடு செய்தவர் குர்தித் சிங். எல்லோரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள்தான். ஆனாலும் சொந்த நாட்டிலிருந்து வழியில் மாறாமல் ஒரே பயணமாக வந்திருக்க வேண்டும் என்றொரு விதியைக் காட்டி, ஏற்கெனவே அங்கே குடியிருந்த இருபது சொச்சம் பேரைத் தவிர வேறு யாரையும் இறங்க விடவில்லை. இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்தார்கள். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாட்டம். ஜூலை 23 அன்று போர்க்கப்பலை நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29-ல் கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள் மீது பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதில் இருபது பேர் வரை செத்தார்கள்.

வான்கூவரில் அந்தக் கப்பலை முதலில் சந்தித்த குடியேற்ற அதிகாரி சைக்ளோன் டெய்லர்.

அவர் சட்டத்தை எழுதியவர் இல்லை. அவருக்கு மேலே மால்கம் ரீட் என்ற கடுமையான அதிகாரி இருந்தார், அவருக்குப் பின்னால் அரசியல்வாதிகள் இருந்தார்கள். உத்தரவை நிறைவேற்றியவர் என்று டெய்லரை விட்டுவிடலாம்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. டொரன்டோவுக்கு வா என்ற உத்தரவை மறுத்து ஒரு சீசனையே தொலைத்த ஆள் அவர். மறுக்கத் தெரியாதவர் இல்லை. கப்பல் போன எட்டாவது மாதம், 1915 மார்ச்சில், வான்கூவர் ஸ்டான்லி கோப்பையை வென்றது. தன் பழைய ஓட்டாவா அணியை மூன்று ஆட்டத்திலும் அடித்து நொறுக்கினார். ஊர் கொண்டாடியது. 1947-ல் டெய்லரை ஹாக்கியின் புகழ்பெற்றோர் பட்டியலில் சேர்த்தார்கள். கனடா நாடாளுமன்றத்தில் கப்பல்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க 2016 ஆனது.

நான் குறித்துவைத்துக்கொண்டது வேறு. டெய்லர் காசுக்கு ஆடியது பதினைந்து வருடம் போல. குடியேற்றத் துறையில் இருந்தது 1950 வரை, நாற்பது வருடத்துக்கு மேல். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கே குடியேற்ற ஆணையராகி ஓய்வுபெற்றார். அதாவது வேலையைக் கற்றுக்கொண்டார்.

நம் ஆட்கள் அப்படிக் கற்பதில்லை, கற்கவும் விடுவதில்லை. காலையில் கையெழுத்து, பிறகு மைதானம், டோர்னமெண்ட் என்றால் ஸ்பெஷல் கேஷுவல் லீவ். முப்பத்தைந்து வயதில் முழங்கால் போய் செக்‌ஷனுக்குத் திரும்பினால் ஒரு நோட் போடத் தெரியாது. பக்கத்து சீட் கிளார்க்கிடம் கெஞ்ச வேண்டும். என்னோடு ஆடிய நல்ல ஃபார்வர்டு ஒருவன் இருபது வருடம் தபால் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனால் யாருக்கு என்ன பயன்? அவனுக்குத்தான் என்ன மரியாதை?

சம்பளத்தை வேலை என்ற பெயரில் கொடுப்பதன் கோளாறு இது. ஆடுவதற்குக் கூலி என்று நேராகக் கேட்டவனை நாம் எப்படி நடத்தினோம் என்பதும் தெரியும். 1998 பாங்காக்கில் 32 வருடத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஹாக்கித் தங்கம் வந்தது. கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனேயில் பிறந்த நம் தமிழ்ப் பிள்ளை. வந்த சூட்டிலேயே அவரையும் சில சீனியர்களையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓய்வு என்றது ஹாக்கி சம்மேளனம். ஆட்டக் கட்டணம் கேட்டதற்குத் தண்டனை என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். இன்று காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-ல் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். நல்லது, இன்னும் போகட்டும். ஆனால் அந்த மாதிரி விலை ஏதோ சில பேருக்கு. வண்டலூரில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் டர்ஃபில் பயிற்சிக்குப் போகும் பையன்களில் மிச்சப்பேர் கடைசியில் கோட்டா நாற்காலியில்தான் உட்காரப்போகிறார்கள்.

அந்த நாற்காலிக்கு எதிரே ஆள் நிற்கும். பட்டாவுக்கு வந்த கிழவி, ரேஷன் அட்டைக்கு வந்த கூலிக்காரர். இவன் தேசியப் போட்டியில் எத்தனை கோல் போட்டான் என்பதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் நியமன ஆணை கொடுக்கும்போதே ஆறு மாத அலுவலகப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். டோர்னமெண்ட் இல்லாத மாதங்களில் செக்‌ஷனில் உட்காரவையுங்கள். துறைத் தேர்வு எழுத விடுப்பு கொடுங்கள். முப்பது வயதுக்குள் தேர்ச்சி பெறாவிட்டால் இன்கிரிமெண்ட் கிடையாது என்றும் சொல்லிவிடுங்கள். பையன்கள் முணுமுணுப்பார்கள். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.