சுழற்சி போதாது, கிளர்வு வேண்டும்!

உழைப்பு ஒருபுறமும் அவ்வுழைப்பைப் பற்றிய அறிவு மறுபுறமுமாகப் பிரிந்து கிடக்கும் நாடு, உரிமை நாடாகாது. கை செய்யும் வினைக்கு வாய் சொல்லும் பெயர் அயன்மொழியில் இருக்குமாயின், அவ்வினையைச் செய்பவன் தன் தொழிலில் தானே கூலியாகின்றான், ஒருநாளும் தலைவனாகான். இவ்வுண்மைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சேலத்திற்குக் கிழக்கே, ஆத்தூர்ச் சாலையிலுள்ள வாழப்பாடியில், ஒரு பாக்குத்தோப்பின் கிணற்றடியில் சிறிதுபோழ்து நின்று பார்த்தாற் போதும்.

கோடையில் கிணற்றுநீர் கீழே இறங்கிவிடுகின்றது. பாக்கு மரமோ நீரின்றிப் பொறுக்காது. மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் முறைநீர் பாய்ந்தாக வேண்டும். உழவர் எல்லாரும் ஒரே போழ்தில் மின்னோடியை முடுக்குகின்றனர். மின்னழுத்தம் சரிகின்றது. மின்னோடி உறுமுகின்றது, சுழல மறுக்கின்றது, பின்னர்ப் புகைகின்றது. ‘லோ வோல்ட்டேசு, காயில் போய்விட்டது’ என்று உழவர் தலையிற் கைவைத்துக்கொண்டு உட்காருகின்றார். சுருணையை மீண்டும் சுற்றக் கொடுத்து, பணமும் இழந்து, நாலைந்து நாள் நீரும் இழந்து, அடுத்த சரிவு வரும்வரை காத்திருக்கின்றார். ஏன் எரிந்தது என்பதை அவருக்கு அவர் மொழியில் எவரும் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்னும் எண்ணமும் எவருக்கும் தோன்றியதில்லை.

கரணியம் எளிதே. மின்னோடியின் முறுக்குவிசை, மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், முறுக்குவிசை நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்துபோகும். ஆழத்து நீரின் சுமையோ குறைவதில்லை. அச்சுமையை இழுக்க மின்னோடி கூடுதலான மின்னோட்டத்தை உறிஞ்சுகின்றது. சுருணை சூடேறி எரிகின்றது. குறைந்த அழுத்தம் மின்னோடிக்கு ஓய்வன்று, கொடுஞ்சுமை.

இவ்வழுத்தம் எங்கிருந்து வருகின்றது? சேலத்திற்கு மேற்கே மேட்டூரில் காவிரியை மறித்து 1934-இல் அணை எழுந்தது. சில ஆண்டுகளில் அணையடியிலேயே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1960-களின் இடையில் 50 மெகாவாட் மின்னாக்கிகள் நான்கு கொண்ட சுரங்க மின்நிலையம் வந்தது. 1987 தொடங்கி 1990 வரை 210 மெகாவாட் அனல்மின் அலகுகள் நான்கும், பின்னர் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தன. தமிழன் நிலத்தில், தமிழன் ஆற்றில், தமிழன் தோளால் எழுந்தவை இவை. இம்மின்னுக்குரிய கட்டணத்தை எதிர்த்து 1970-லும் 1972-லும் எழுந்த உழவர் போராட்டங்களில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்கொடுத்தவர்களும் தமிழுழவர்களே. அவ்வீகங்களுக்குப் பின்னரே 1990-இல் உழவர் அனைவர்க்கும் கட்டணமில்லா மின் கிடைத்தது. குருதி சிந்திப் பெற்ற மின்னைப் பற்றிய அறிவு மட்டும் இன்னும் அவர்களுக்கு எட்டவில்லை.

நீர் விழுந்து ஆழியைச் சுழற்றினால் மின் பிறந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். பிறவாது. மின்னாக்கியின் நடுவே சுழலும் சுழலகத்தைக் காந்தமாக்க வேண்டும். அதற்கென அதன் சுருணையில் ஒருதிசை மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். அக்காந்தம் சுழலும்போதே, சூழ்ந்து நிற்கும் நிலையகத்தின் சுருணைகளில் மின்னழுத்தம் எழும். இவ்வாறு சுழலகத்தைக் காந்தமாக்கும் செயலையே ஆங்கிலத்தில் ‘எக்சைட்டேசன்’ என்கின்றனர். ‘கிளர்வு’ என்பது அதற்குரிய செந்தமிழ்ச் சொல். கிளர்வு கூடினால் அழுத்தம் ஏறும்; குறைந்தால் இறங்கும். கிளர்வு இல்லையெனில் எத்துணை விரைவாகச் சுழன்றாலும் அது மின்னாக்கியன்று, வெற்றிரும்பு. ஒரு 210 மெகாவாட் அலகின் சுழலகம் மணித்துளிக்கு 3,000 முறை சுழல்கின்றது. அதற்கு ஈராயிரம் ஆம்பியர் அளவிற் கிளர்மின்னோட்டம் வேண்டும். அவ்வோட்டத்தை நொடிதொறும் அளந்து கூட்டியும் குறைத்தும் நிற்பது தன்னியங்கு மின்னழுத்தச் சீராக்கி. சுமை கூடி அழுத்தம் தாழ்ந்தால் அது கிளர்வைக் கூட்டும். சுமை கழன்று அழுத்தம் எழுந்தால் கிளர்வைக் குறைக்கும்.

இக்கருவியை நிறுவுவதும் பேணுவதும் விளையாட்டன்று. சுழலும் நழுவுவளையத்தின்மேல் கரித்தூரிகைகள் அழுந்தியிருந்து மின்னோட்டத்தை உட்செலுத்துகின்றன. அவற்றின் வில்லழுத்தம் ஒன்றற்கொன்று வேறுபட்டால், ஒரு தூரிகை தன் பங்குக்கு மேற்சுமந்து சிவந்து பொறிவிடும். தேய்ந்த கரித்தூள் படிந்தால் மின்காப்பு கெடும். சுழலகச் சுருணை ஓரிடத்தில் நிலத்தோடு தொட்டால் உடனடிக் கேடில்லை. எச்சரிக்கை மட்டும் எழும். அவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்திருக்க மற்றோரிடத்திலும் தொட்டுவிட்டால் சுழலகமே சிதையும். ஓடிக்கொண்டிருக்கும் கிளர்சுற்றை, அதன் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் தடையைச் சேர்க்காமல் திடுமெனத் துண்டித்தால், எழும் அழுத்தம் காப்பைத் துளைத்துவிடும்.

எல்லாவற்றினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. சீராக்கி, மின்னாக்கியின் அழுத்தத்தை ஓர் அளவை மின்மாற்றியின் வழியாகவே அறிகின்றது. அவ்வழியிலுள்ள சிறியதோர் உருகி போய்விட்டால் அளவு தாழ்ந்தே வரும். உண்மையில் அழுத்தம் தாழவில்லை, செய்திதான் பொய். பொய்ச்செய்தியை நம்பிய சீராக்கி கிளர்வை மேன்மேலும் ஏற்றும். ஏற்றமோ பொறியையே எரிக்க வல்லது. ஆகலின் இரண்டு அளவைவழிகளை வைத்து, ஒன்றையொன்று ஒப்பிட்டு, ஐயம் நேர்ந்தவுடன் கைவழிக் கட்டுப்பாட்டுக்கு மாறுமாறு அமைக்கின்றனர். இந்த ஒப்பீட்டை ஆய்ந்து பார்ப்பதே பேணுவாரின் தலையாய கடமை.

பேணுவதில் நேரும் சிறு பிழை எங்குப் போய் முடியும் என்பதற்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2003 ஆகத்து 14 அன்று அமெரிக்க நாட்டின் ஒகாயோ மாநிலத்தில், ஈசுட்டுலேக்கு அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகு, தாழ்ந்துவந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கிளர்வு மிகுத்து இயங்கிற்று. மிகுகிளர்வால் சீராக்கி கைவழிக்கு மாறியது. அதனைத் தன்னியக்கத்திற்கு மீட்க முயன்றபோழ்து, பிற்பகல் 1.31 மணிக்கு, அலகே நின்றுவிட்டது. அது ஒன்றே பேரிருளுக்குக் கரணியம் அன்று. எச்சரிக்கைக் கணிப்பொறி செயலிழந்ததும், மின்கம்பிகள் மரங்களிற் பட்டுத் துண்டிக்கப்பட்டதும் தொடர்ந்தன. ஆயினும் அழுத்தத்தைத் தாங்கிநின்ற தூண்களுள் ஒன்று சாய்ந்தது அங்கேதான். மாலை நான்கு மணி கடந்த சிறிது போழ்தில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடி மக்கள் இருளில் மூழ்கினர்.

இந்திய ஒன்றியத்திலும் 2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் வடபுலம் முழுதும் இருண்டது. தெற்குத் தொகுப்பு அந்நாளில் வடக்கோடு ஒத்தியங்கும் இணைப்பில் இல்லாமையால் தப்பிற்று. 2013 திசம்பர் 31-இல் தெற்கும் அவ்விணைப்பிற் கட்டப்பெற்றது. இனி வடக்கே நேரும் தடுமாற்றம் தமிழ்நாட்டு மின்னாக்கியையும் உலுக்கும். அவ்வுலுக்கலை முதலில் எதிர்கொள்வது சீராக்கியே. அதனைக் காத்துநிற்கும் தமிழனின் பொறுப்பு முன்னினும் பெரிதாகிவிட்டது.

ஒன்றை மறைக்காது சொல்லுதல் வேண்டும். மேட்டூரிற் கிளர்வைக் கூட்டிவிட்டால் வாழப்பாடியில் மின்னோடி எரியாது என்பதில்லை. மின்னோடிகளின் காந்தத்திற்கு வேண்டிய எதிர்வினைத்திறனை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல இயலாது. கொண்டுசெல்லும் வழியிலேயே அழுத்தம் தேய்ந்துபோகும். அதனை நுகரும் இடத்திலேயே ஈடுசெய்தல் வேண்டும். ஒவ்வொரு நீரேற்றியோடும் தக்க மின்தேக்கியைப் பூட்டுதல், மிகுசுமை தாங்கும் மின்மாற்றிக்குத் துணையாக வேறொன்று நிறுவுதல், மெலிந்த கம்பிகளை மாற்றுதல் ஆகியவை உழவரும் வாரியமும் சேர்ந்து செய்யத்தக்கவை. மின்தேக்கி பூட்டுக என்று வாரியம் சொல்லாமலில்லை. அது எதற்காக என்பதை உழவர் உணருமாறு சொல்லாமையால், பூட்டியதும் பழுதுற்றபின் கழற்றி எறியப்படுகின்றது. விளக்கமில்லாத கட்டளை தண்டமாகவே தோன்றும்.

இவ்விடத்தேதான் மொழி வந்து நிற்கின்றது. மின்நிலையங்களிற் கரித்தூரிகை மாற்றுபவன் தமிழன். வளையத்தைத் துடைப்பவன் தமிழன். நள்ளிரவில் எச்சரிக்கை மணி கேட்டு ஓடுபவன் தமிழன். அவன் கைக்குக் கொடுக்கப்பெறும் பேணுகைநூலோ ஆங்கிலம். கட்டுப்பாட்டுப் பலகையின் எழுத்தோ ஆங்கிலம். நடுவண் மின்னாணையத்தின் ஒழுங்குமுறைகள் இந்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன, தமிழில் இல்லை. மூத்த தொழிலாளி ஒருவர் முப்பது ஆண்டுப் பட்டறிவால், ஓசையைக் கேட்டே தூரிகையின் நோயை அறிந்துவிடுவார். அவ்வறிவை எழுதிவைக்க அவருக்கு மொழியில்லை என்று ஆக்கிவிட்டனர். அவர் ஓய்வுபெறும் நாளில் அவ்வறிவும் அவரோடு வாயிலைக் கடந்து போய்விடுகின்றது. அடுத்து வரும் இளைஞன் மீண்டும் கையைச் சுட்டுக்கொண்டே கற்கின்றான். இது மொழிக்கு நேர்ந்த இழிவு மட்டுமன்று. உயிருக்கு நேரும் இடர்.

சேலத்து மண்ணுக்கு இதில் தனிக்கடமை உண்டு. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட 1916-ஆம் ஆண்டிலேயே, தமிழில் அறிவியற் சொற்கள் ஆக்குவதற்கென ஒரு கழகம் சேலத்தில் தோன்றிற்று. அதனை முன்னின்று நடத்தியவர், அந்நாள் சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராசகோபாலாச்சாரியார். தமிழில் அறிவியல் கூடும் என்று அன்று உணர்ந்தவரே, ஆட்சியேறியபின் 1938-இல் பள்ளிகளில் இந்தியைத் திணித்தது வரலாற்றின் முரண். பின்னர் 1944 முதல் 1956 வரை மொழிஞாயிறு பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் பயிற்றினார். அவர்தம் மாணவராய் அங்கே உருவானவரே பாவலரேறு பெருஞ்சித்திரனார். சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டிய அம்மண்ணிலேயே, நூறாண்டு கழிந்தும், ஒரு மின்தொழிலாளி தன் கருவிக்குத் தமிழ்ப்பெயர் அறியாதிருப்பது எத்துணை நாணத்தக்கது!

‘தொழில்நுட்பம் உலகப்பொது, அதற்கு ஆங்கிலமே போதும்’ என்பர் சிலர். மின்னாக்கி தன் எச்சக் காந்தத்திலிருந்து தானே கிளர்வை வளர்த்துக்கொள்ளலாம் என்று 1866-இல் கண்ட வெர்னர் சீமென்சு, அதனைத் தன் செருமானிய மொழியிலேயே உலகிற்கு அறிவித்தார். செருமானியன் இன்றும் கிளர்வை ‘எர்ரேகுங்’ என்றே சொல்கின்றான். யப்பானியன் ‘ரெய்சி’ என்கின்றான். ஆங்கிலச் சொல்லை ஏந்தாமையால் அவர்தம் மின்னாக்கிகள் நின்றுபோகவில்லை. அவற்றை உலகமே விலைகொடுத்து வாங்குகின்றது. ஈழத்தில் மருத்துவர் சாமுவேல் கிரீன், அமெரிக்கராயிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அயலான் ஒருவனுக்கு இயன்றது, தமிழ்நாட்டுத் தமிழனுக்கு ஏன் இயலாது?

தமிழ்ப்பற்றாளரும் தம்மை ஆய்ந்துகொள்ளுதல் வேண்டும். அறையிலமர்ந்து சொல்லாக்கி, அச்சிட்டு, அடுக்கில் வைத்துவிட்டாற் பணி முடிந்ததாகாது. தொழிற்கூடத்தில் வழங்காத சொல் பிறந்தும் பிறவாத சொல்லே. ‘கரித்தூரிகை’ என்பது தொழிலாளியின் நாவில் ஏறவில்லையெனில், அவனிடமே கேட்டு வேறு சொல் காணல் வேண்டும். பொருளறியாது பெயரை மட்டும் மாற்றுவது, கிளர்வின்றிச் சுழலகத்தைச் சுழற்றுவதை ஒக்கும். சொல்லாக்குவோன் தொழிலைக் கற்கட்டும். தொழிலறிந்தோன் சொல்லாக்கத்திற்கு வரட்டும்.

செய்ய வேண்டுவன மறைபொருளல்ல. தமிழ்நாட்டு மின்நிலையங்கள் அனைத்திலும் பேணுகைநூலும் இடரெச்சரிக்கைப் பலகையும் தமிழில் அமைதல் வேண்டும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்திற் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழிக்கு வந்தன. மின்பொறியியலும் வருதல் வேண்டும். அவ்வழியிற் கற்றோர்க்கு மின்துறைப் பணியில் முதலிடம் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு, ஓய்வுபெற்ற தொழிலாளரின் பட்டறிவைத் திரட்டிய தமிழ்நூல்கள் வேண்டும். வாழப்பாடி போன்ற ஊர்களில் உழவர்க்கு மின்னோடி, மின்தேக்கி, மின்னழுத்தம் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் வகுப்புகளை, அரசை எதிர்பாராமல் தமிழமைப்புகளே தொடங்கலாம். மின்னறிந்த ஓர் இளைஞனும் ஒரு கரும்பலகையும் இருந்தால் அவ்வகுப்பு நடக்கும்.

நெடுநாள் நின்றிருந்த மின்னாக்கியிலும் இரும்பினுள்ளே சிறிது காந்தம் எஞ்சியிருப்பதுண்டு. அவ்வெச்சத்திலிருந்தே அழுத்தம் மெல்ல எழுந்து முழுமை பெறும். எச்சமும் போதாதாயின், மின்கல அடுக்கிலிருந்து சிறிதுநேரம் மின்னோட்டம் பாய்ச்சிக் கிளர்வைத் தொடங்கிவைப்பர். பின்னர்ப் பொறி தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். தமிழ்த் தொழிலாளியின் நெஞ்சில் அவன் தாய்மொழி எஞ்சியே கிடக்கின்றது. தொடங்கிவைக்கும் கைகளே தேவை. அக்கைகள் மேட்டூரிலிருந்தும் எழுக! வாழப்பாடியிலிருந்தும் எழுக!