இறுக்கியாச்சு என்றால் போதுமா?

வண்டி வேலையில் "நல்லா இறுக்கியாச்சு சார்" என்ற பேச்சை நான் அப்படியே ஏற்பதில்லை. எவ்வளவு இறுக்கினீர்கள், எப்போது இறுக்கினீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்பேன்.

நம் போடியில் இந்தக் கேள்விகளுக்கு மதிப்பு அதிகம். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைத் தினமும் பார்க்கிறோம். முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஓடும் வண்டிகளில் பழையவை நிறைய.

பழைய ஜீப்பில் முன்பக்கமும் பட்டைதான். அந்தப் பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். நடுவில் உள்ள சென்டர் போல்ட் பட்டைகளைக் கோத்து, ஆக்ஸில் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். ஆக்ஸில் நகராமல் காப்பது யூ போல்ட்டின் அழுத்தம். அது தளர்ந்தால், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன சென்டர் போல்ட்தான் அடி வாங்கும். அது அறுந்தால் ஆக்ஸில் விலகும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

அப்படியென்றால் ஸ்பேனரில் பைப் மாட்டி இரண்டு பேர் தொங்கினால் ஆயிற்றா? ஆகாது. அளவு மீறினால் போல்ட் இழுபட்டு நீண்டுவிடும். துருப்பிடித்த மரையிலோ, கைக்குக் கனமாகத் தெரியும். ஆனால் போட்ட பலம் உரசலிலேயே போய்விடும். நல்ல மரையிலேயே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. ஆகவே டார்க் ரெஞ்ச் வேண்டும், அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவும் வேண்டும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டாமல் புதிது போடுவதே நல்லது. நான்கு நட்டையும் எதிரெதிராக, மூன்று நான்கு சுற்றாக ஏற்ற வேண்டும்.

அடுத்தது, எப்போது என்ற கேள்வி. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, எடை பட்டைமேல் உட்கார்ந்த பிறகே செய்ய வேண்டும். ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டுக்கு இது மிக அவசியம். தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். புதுப் பட்டை, புது போல்ட் போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டைகள் படியப் படியப் பிடிப்பு குறையும்.

மெக்கானிக்கைக் குறை சொல்வது எளிது. ஆனால் சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு "விடியக்காலை டிரிப் இருக்கு" என்று அவசரப்படுத்துவது யார்? மறு இறுக்குக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவராதது யார்? என் கருத்து இதுதான்: பட்டை வேலைக்குப் பேசும் கூலியிலேயே மறு இறுக்கும் சேர வேண்டும். தேதி, அளவு, கிலோமீட்டர் மூன்றையும் வண்டியில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இறுக்கிய நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டால், நட் திரும்பியிருக்கிறதா என்பது காலையில் டார்ச் அடித்ததும் தெரியும். கோடு நகரவில்லை என்பதற்காக மறு இறுக்கை விடக்கூடாது.

உங்கள் பிள்ளையோ பேரனோ மலைக்கு ஜீப் ஓட்டினால் அந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். பின்னால் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்து வருகிற பெண்களுக்கு யூ போல்ட்டைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. வண்டிக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும்.