கடல் சேற்றையும் ஏலம் விடுவதா?

தொப்பம்பட்டிக் கூட்டத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி நம்மைக் கேட்டார்: "ஏன் தோழரே, குடிதண்ணீருக்கே அலைகிறோம், கடலுக்கடியில் கிடக்கிற சேறு நமக்கு எதற்கு?"

நியாயமான கேள்வி. பதிலைக் கேளுங்கள்.

நடு இந்தியப் பெருங்கடலில், ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே, உருளைக்கிழங்கு போன்ற உலோகக் கட்டிகள் கிடக்கின்றன. மாங்கனீஸ், நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் அவற்றில் உண்டு. அவை கிடப்பது பாறைமேல் அல்ல, சேற்றின்மேல்!

சேற்றுழவு செய்தவருக்கு இது புரியும். கால் வைத்தால் புதையும், டிராக்டர் சிக்கும். கடலடிச் சேறு அதைவிட இளகல். அதில் மண்ணைவிடத் தண்ணீரின் எடைதான் அதிகம். சதுர சென்டிமீட்டருக்கு அரை டன் அழுத்தம் இருந்தும் அது இறுகுவதில்லை; மண் துகள்களுக்கு இடையிலுள்ள தண்ணீரும் அதே அளவு எதிர்த்து அழுத்துகிறது.

அந்தச் சேற்றின் பலத்தை அங்கேயே அளக்கும் கருவியைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செய்தது. 2021-ல் 'வராஹா' என்ற யந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டியும் காட்டியது. இந்த விஞ்ஞானிகளை வாழ்த்துகிறோம். அதே ஆண்டில் ஆழ்கடல் திட்டத்துக்கு சர்க்கார் அனுமதித்த தொகை 4,077 கோடி ரூபாய். யார் பணம்? நாம் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் கட்டும் வரியும் அதில் சேர்ந்ததுதான்!

அதே சர்க்கார் 2024 நவம்பரில் என்ன செய்தது? நம் நாட்டுக் கடற்பகுதியில் 13 கனிம வட்டாரங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. கிரேட் நிக்கோபார் பக்கமுள்ள ஏழும் இப்படிப்பட்ட உலோகக் கட்டிகளுக்கும் படிவங்களுக்கும் உரியவை. ஆராய்ச்சிச் செலவு மக்கள் தலையில். அறுவடை முதலாளி களத்தில்! குத்தகைக் கொடுமை கண்ட நமக்கு இது புதிதா?

சேதமோ லேசானதல்ல. கலக்கிய சேறு புகைபோல் எழும்பி வெகுதூரம் பரவும். அங்குள்ள உயிர்களை மூடும். பெரு நாட்டுக்கு அப்பால் 1989-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் சோதனைக்காகக் கடலடியை உழுதார்கள். 2015-ல் போய்ப் பார்த்தால், சால்கள் அப்படியே இருந்தன! நம் வயலில் உழுத சால் நாலு மழைக்கு நிற்காது. ஆழ்கடலில் ஆயிரம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வண்டல்தான் படியும்.

ஊர்க் குளத்து வண்டலை எவனோ லாரியில் அள்ளினால் சும்மா இருப்போமா? அந்த ஏலத்திலேயே தங்கள் கரையோர மணலும் இருப்பதைக் கண்ட கேரள மீனவர்கள் 2025 பிப்ரவரியில் படகுகளை நிறுத்திப் போராடினார்கள். வலை பிடிக்கும் கையும், மில்லில் நூல் பிடிக்கும் கையும், களை பறிக்கும் கையும் ஒன்றுதான்.

மக்கள் பணத்தில் கண்டறிந்தது மக்களிடமே இருக்கட்டும். ஆறாத காயம் என்று தெரிந்தபின் கடலடியை லாபவேட்டைக்குத் திறக்காதே! கிராமம் கிராமமாக இதை எடுத்துச் சொல்வோம்.